டயல் தேர்ந்தெடுத்த எண்கள்

லண்டனில் தீ விபத்து என்றால் 999-ஐ அழைக்க வேண்டும், நியூசிலாந்தில் 111. நியூயார்க் நகரின் பழைய தொலைபேசிக் குறியீடு 212. இந்த மூன்று எண்களையும் தீர்மானித்தது, இன்று அநேகமாக யாரும் பயன்படுத்தாத ஒரு கருவி: சுழற்றும் டயல்.

டயலின் துளையில் விரலை நுழைத்து, தடுப்பு வரை சுழற்றி விட்டால், உள்ளே இருக்கும் சுருள்வில் அதைப் பழைய இடத்துக்குத் திருப்பும். அப்படித் திரும்பும்போது கம்பியில் ஓடும் மின்சாரம் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். 1-க்கு ஒரு துடிப்பு, 9-க்கு ஒன்பது, 0-க்குப் பத்து. வினாடிக்குச் சுமார் பத்துத் துடிப்புகள். இணைப்பகத்து இயந்திரம் இவற்றை எண்ணித்தான் அழைப்பை உரிய இடத்துக்கு அனுப்பியது.

ஆகவே, சிறிய எண் என்றால் சீக்கிரம் முடியும். 1947-இல் அமெரிக்காவில் பகுதிக் குறியீடுகளை வகுத்தபோது, அழைப்புகள் குவியும் நியூயார்க்குக்கு ஐந்தே துடிப்புகள் கொண்ட 212 கிடைத்தது. சிகாகோவுக்கு 312, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 213. இரண்டுக்கும் ஆறு துடிப்புகள். பின்னாளில் சேர்ந்த ஹவாய்க்கு வாய்த்தது 808, அதாவது 26 துடிப்புகள்.

அப்படியானால் 1937-இல் லண்டன் ஏன் நீளமான 999-ஐ எடுத்தது? தொலைபேசிக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலே 1-க்கான துடிப்பு உண்டாகிவிடும். 111 என்று வைத்தால் பொய் அழைப்புகள் வந்து குவியும். தவிர, பொதுத் தொலைபேசியில் காசு போடாமலே 0-ஐச் சுழற்ற முன்பே வழி இருந்தது. அதே வசதியைப் பக்கத்து எண்ணான 9-க்கும் தருவது எளிது.

நியூசிலாந்தின் டயலில் எண்கள் தலைகீழ் வரிசையில் இருந்தன. அங்கே 1-ஐச் சுழற்றினால் ஒன்பது துடிப்புகள் போகும். எனவே 1958-இல் அங்கு அறிமுகமான 111, கம்பியைப் பொறுத்தவரை லண்டனின் 999-தான்!

1963-இல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி விற்பனைக்கு வந்ததும் துடிப்புகளின் இடத்தை ஒலிகள் பிடித்தன. கைப்பேசி வந்தபின் கம்பியும் தேவையற்றதாகிவிட்டது. எண்கள் மட்டும் மாறவில்லை. பழைய கருவியைத் தூக்கிப்போடுவது சுலபம்; கோடிக்கணக்கானோர் மனப்பாடமாக வைத்திருப்பதை மாற்றுவது சுலபமல்ல. புதிய தொடர்புக் கருவிகளை வடிவமைக்கும் இளம் பொறியாளர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: இன்றைய வசதிக்காக நீங்கள் எடுக்கும் முடிவு, கருவி மறைந்த பிறகும் மக்களிடம் நீடிக்கும்.