பள்ளியின் வரலாறு பதிவேட்டில் இருக்கிறது

"டீச்சர், நம்ம ஸ்கூல்ல படிச்சவங்க யாராவது பெரிய ஆளா வந்திருக்காங்களா?" மாத்தூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டாள். 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற வடசென்னையின் காசிமாவைச் சொன்னேன். "அவங்க நம்ம ஸ்கூல் இல்லையே!" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பதிலைச் சேர்க்கைப் பதிவேட்டில் தேடினேன். அது பெயர்ப் பட்டியல் மட்டுமல்ல. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2011இல் மாத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஊர் மாறிய கதையைப் பெற்றோரின் தொழிலும் முகவரியும் சொல்லும். பள்ளியை விட்டு நீங்கிய தேதிகளோ, யார் பாதியில் நின்றார்கள் என்று சொல்லும். குறுவட்ட, மாவட்டப் போட்டிச் சான்றிதழ்களையும் ஆண்டு விழாப் படங்களையும் ஆண்டுவாரியாக அடுக்கினால் விளையாட்டு வரலாறும் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: பதிவேட்டில் சாதி போன்ற விவரங்கள் உண்டு. அதை மாணவர் கையில் தராமல், தேவையானதை நாமே குறித்துக் கொடுக்க வேண்டும்.

பிறகு முன்னாள் மாணவர்களை மாணவர்களே பேட்டி காணட்டும். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 முதல் முன்னாள் மாணவர்களைப் பள்ளிக்கு அழைக்கிறது. அவர்களிடம் நன்கொடைக்கு முன் அனுபவத்தைக் கேட்போம். துறைமுகத்தில் கிரேன் இயக்குபவரும், செவிலியரும், பத்தாம் வகுப்பில் தவறி மீண்டும் எழுதித் தேறியவரும் வகுப்பறைக்கு வரட்டும்.

'பெரிய ஆள்' யார் என்பதை அந்த மாணவியே முடிவு செய்துகொள்வாள்.