முழங்கால் நார் அறுந்தால்: ஒப்பரேஷனும் அதற்குப் பிறகும்

மழை நாளில் கானைத் தாண்டும்போது வழுக்குகிறது. பாதம் சேற்றில் மாட்டிக்கொள்ள, முதுகில் கூடையோடு உடம்பு மட்டும் திரும்பிவிடுகிறது. முழங்காலுக்குள் 'பொட்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் போட்டு இழுத்து உருவ வேண்டாம். முட்டியே இடம் விலகி, பாதம் குளிர்ந்து வெளுத்தால் இரத்தக் குழாய் அறுந்திருக்கலாம். அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தாமதித்தால் காலையே இழக்க நேரும்.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் 4 முக்கிய நார்கள் பிடித்திருக்கின்றன. மூட்டின் நடுவில் குறுக்காக ஓடும் முன் நார் அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. மட்டமான பாதையில் நடக்கலாம். இறக்கத்தில் முட்டி 'மடக்'கென்று மடங்கும். மடங்குகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே மெத்தை போலிருக்கும் சவ்வு கிழியக்கூடும்.

எல்லாருக்கும் ஒப்பரேஷன் தேவையில்லை. பயிற்சியிலேயே சிலருக்குக் கால் நிலைத்துவிடும். ஒப்பரேஷன் என்றால், தொடையின் பின்பக்கத்திலோ முட்டிச்சில்லுக்குக் கீழோ இருந்து உங்களுடைய நாரிலேயே ஒரு துண்டு எடுத்து, இரண்டு எலும்பிலும் துளை போட்டு அதற்குள் இறுக்குவார்கள். சின்ன ஓட்டை வழியாகக் கேமரா விட்டுச் செய்வதால் வெட்டு பெரிதாக இருக்காது. அதற்கு முன் வீக்கம் வற்ற வேண்டும், கால் நேராக நீள வேண்டும். "சும்மா தவணை போடுறாங்க" என்று கோபப்படாதீர்கள்.

இனித்தான் கவனம். 2, 3 மாதத்தில் வலி போய்விடும். "கால் நல்லாயிருச்சு, அரைப்பேராவது போடலாம்" என்று மலைக்குக் கிளம்பத் தோன்றும். வைத்த நார் மிகவும் பலவீனமாக இருப்பது அந்த மாதங்களில்தான். எலும்போடு பிடித்து, புது இரத்த ஓட்டம் வந்து அது உறுதியாகக் காலம் எடுக்கும். கூடையோடு சரிவில் ஏற 9 மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை பிசியோதெரபியில் சொன்னபடி தொடையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியை லயத்தில் உட்கார்ந்தபடியே தினமும் செய்யலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக் தவணைக்குக் காத்திருக்காமல் போங்கள்.

அத்தனை நாள் பேர் இல்லாமல் அடுப்பு எப்படி எரியும்? நியாயமான கேள்வி. விழுந்த அன்றே கங்காணியிடம் சொல்லி ஆபீசில் பதிய வையுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. லேசான வேலை தரும்படி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கிளினிக் அட்டை, துண்டுகள் எல்லாவற்றையும் மழை படாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள்.