மேல் லென்ஸ் சொல்வதைக் கீழ் லென்ஸ் கேட்கிறதா?

போட்டோகிராபர் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மேலே திறந்த மூடிக்குள் பார்த்தபடி படம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த இரட்டை லென்ஸ் கேமராக்கள் 120 ரோலில் ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவாகப் பன்னிரண்டு படம் தரும். இந்த வகையை உலகப் புகழ் பெறவைத்தது 1929இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து வந்த ரோலிஃப்ளெக்ஸ். பின்னால் வந்த ஜப்பானிய கேமராக்களில் யாஷிகா மேட் 124ஜி, 1970 முதல் 1986 வரை தயாரானது. இன்று பழைய கேமரா தேடுகிறவர்கள் கையில் அதிகம் சிக்குவதும் இதுதான்.

வாங்கியவர் முதல் ரோலைக் கழுவிப் பார்ப்பார். கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதில் விழுந்திருக்கும். உடனே ‘லென்ஸ் போச்சு’ என்று ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். பெரும்பாலும் லென்ஸ் நிரபராதி.

இந்தக் கேமராவில் படம் எடுப்பது கீழ் லென்ஸ், 80 மி.மீ., எஃப் 3.5. நாம் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக. அதுவும் 80 மி.மீ., எஃப் 2.8. இரண்டும் ஒரே பலகையில், ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி. பக்கத்துக் குமிழைத் திருகினால் சேர்ந்தே முன்னும் பின்னும் போகும். மேல் லென்ஸின் ஒளி 45 டிகிரி சாய்ந்த நிலைக்கண்ணாடியில் பட்டு, மேலே இருக்கும் சொரசொரப்புத் திரையில் விழுகிறது. கீழ் லென்ஸின் ஒளி நேராக ஃபிலிமுக்குப் போகிறது. லென்ஸிலிருந்து திரைக்குள்ள தூரமும் லென்ஸிலிருந்து ஃபிலிமுக்குள்ள தூரமும் ஒத்துப்போனால்தான் நாம் பார்த்தது படத்திலும் கூர்மையாக விழும். ஃபோகஸ் கோளாறு என்று வருவதில் முக்கால்வாசி, இந்தக் கணக்கில் விழுந்த ஓட்டைதான்.

கேமராவைத் தொடுவதற்கு முன் நெகட்டிவைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆள் மங்கலாக இருந்து, அவருக்குப் பின்னால் இருக்கும் கதவு கூர்மையாக இருந்தால் லென்ஸ் நல்லது, கணக்குத்தான் தப்பு. சுவரில் தட்டையாக ஒட்டிய செய்தித்தாளை நேராக நின்று எடுத்தும் இடது பக்கம் தெளிவு, வலது பக்கம் குழப்பம் என்றால், கேமரா எப்போதோ கீழே விழுந்து லென்ஸ் பலகை கோணிப்போயிருக்கிறது. அது மெக்கானிக் வேலை. எங்குமே கூர்மை இல்லையென்றால் கை அசைந்திருக்கலாம், லென்ஸுக்குள் பூஞ்சையோ மூட்டமோ இருக்கலாம். சுத்தம் செய்தவர் முன்பக்கக் கண்ணாடியை முழுசாகத் திருகாமல் விட்டிருக்கவும் கூடும்.

யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் செய்யும் வழி எளிது. ஃபிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் படியும் இடத்தில் ஒரு சொரசொரப்புக் கண்ணாடித் துண்டை, சொரசொரப்பு முகம் லென்ஸைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அங்கே இரண்டு ஜோடித் தண்டவாளம் இருக்கும். வெளி ஜோடியில், ஃபிலிமைப் பின்னாலிருந்து தாங்கும் அழுத்துதகடு உட்காரும். கண்ணாடி உட்கார வேண்டியது உள் ஜோடியில். வெளியே வைத்துச் சோதித்துவிட்டு, நல்ல கேமராவைக் கெடுத்தவர்கள் உண்டு. லென்ஸை முழுசாகத் திறந்து, ஷட்டரை, அழுத்தும்வரை திறந்தே இருக்கும் ‘பி’ நிலையில் வைத்து, பூட்டும் கேபிளால் நிறுத்தி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். குமிழ் முடிவிலிக் குறியில் நிற்கும்போது பின்கண்ணாடியில் கோபுரம் கூர்மையாக விழுந்து, மேல் திரையில் மங்கினால், கோளாறு மேல் மாடியில். கீழ் லென்ஸைத் தொடவே வேண்டாம்.

மேல் மாடியில் முதல் சந்தேகம் திரை மீது. துடைக்கக் கழற்றியவர் திருப்பிப் போட்டிருப்பார். சொரசொரப்பு முகம் கீழே, நிலைக்கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அடுத்தது அந்த நிலைக்கண்ணாடியே. அதற்கு ரசப் பூச்சு முன்பக்கத்தில். துணியால் அழுத்தித் துடைத்தாலே உரிந்துவிடும். உரிந்ததும் கண்ணாடிக் கடையில் சாதாரண முகக்கண்ணாடி வெட்டி ஒட்டுவார்கள். பூச்சு பின்பக்கம் இருப்பதால் பிம்பம் இரட்டையாகத் தெரியும், தூரமும் மாறும்.

சரி, முன்பூச்சுக் கண்ணாடியே வாங்கினோம், ஆனால் பழையதைவிட அரை மில்லிமீட்டர் தடிமன் கூட. என்ன ஆகும்? சாய்வு காரணமாக ஒளியின் பாதை சுமார் 0.7 மி.மீ. குறைகிறது. திரையில் கூர்மை வர லென்ஸை அவ்வளவு வெளியே தள்ளுகிறோம். திரையில் தூரத்து மலை தெளிவாகத் தெரியும்போது, ஃபிலிமில் ஃபோகஸ் ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். 0.05 மி.மீ. பரவிய புள்ளிவரை கண் கூர்மை என்று ஏற்கும் என்று வைத்துக்கொண்டாலும், எஃப் 3.5இல் இருபுறமும் பொறுக்கக்கூடிய பிழை 0.175 மி.மீ.தான். வெயிலில் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11இல் எடுத்தால் இந்தக் குறையின் பெரும்பகுதி மறைந்துவிடும். ‘வெயிலில் நல்லா வருது, மண்டபத்துக்குள்ளதான் சொதப்புது’ என்ற புலம்பலுக்குக் காரணம் இதுவே.

திரையும் கண்ணாடியும் சரியென்றால் கடைசியாக மேல் லென்ஸ். அதைத் திருகி உள்ளே வெளியே நகர்த்தித்தான் கீழ் லென்ஸோடு ஒத்துப்போக வைப்பார்கள். முடிவிலியில் ஒத்ததும், ஒரு மீட்டர் தூரத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பூட்டுவது நல்லது.

124ஜியின் அழுத்துதகட்டுக்கு 120, 220 என்று இரண்டு நிலை உண்டு. மங்கலுக்கு இதைக் குற்றம் சொல்பவர்கள் அதிகம். 220 ரோலில் ஃபிலிமுக்குப் பின்னால் தாள் கிடையாது; அதை 120 நிலையில் போட்டால் தொளதொளவென்று நிற்கும். இன்று கிடைப்பது பெரும்பாலும் 120தான் என்பதால் இந்தச் சந்தேகத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை.

ஃபிலிம் உருளையில் வளைந்து திரும்பும் இடம்தான் அதைவிடத் தொல்லை. பாதி ரோலை வாரக்கணக்கில் உள்ளேயே விட்டால் அந்த வளைவு பதிந்துபோகும். அடுத்து சுற்றும்போது அந்த மேடு படச் சட்டத்துக்குள் வந்து நிற்கும். அப்படி விட்டிருந்தால் ஒரு ஃப்ரேமை ஏதாவது மரத்துக்குச் செலவழித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். ரோலிஃப்ளெக்ஸின் சில மாடல்களுக்கு ஃபிலிமைத் தட்டையாக வைக்கத் தனிக் கண்ணாடித் தகடே விற்றார்கள். அதில் ஒரு தூசி ஒட்டினால் ரோல் முழுக்க அதே இடத்தில் புள்ளி விழும்.