கணையத் திட்டுகளும் நரம்பின் ஆணையும்

‘இனிப்பு நீர்’ என்று நாம் பேச்சு வழக்கில் கூறும் நீரிழிவு நோய் எட்டிப் பாராத வீடு நம் சமுதாயத்தில் அரிது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது. “கணையத்தை மாற்றி வைத்தால் ஊசியை விட்டுவிடலாமா, சார்?” என்று ஆலயத்திற்கு வரும் அன்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் மருத்துவன் அல்லன். அறிவியல் பாடம் போதித்து ஓய்வு பெற்றவன். படித்தறிந்ததை எளிய முறையில் இங்கே எழுதுகிறேன்.

இரைப்பையின் பின்புறம் அமைந்துள்ளது கணையம். 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவ மாணவர், அதனுள் தனித்தனித் தீவுகளைப் போன்ற உயிரணுக் கூட்டங்களை நுண்ணோக்கியில் கண்டார். அவையே இன்று ‘லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்’ எனப்படுகின்றன. ஏறக்குறைய பத்து லட்சம் திட்டுகள் இருந்தாலும், கணையத்தின் எடையில் அவை ஒன்று அல்லது இரண்டு விழுக்காடுதான். இன்சுலினைச் சுரப்பவை இத்திட்டுகளிலுள்ள பீட்டா உயிரணுக்களே.

இவ்வுயிரணுக்கள் இரண்டு வழிகளில் கட்டளை பெறுகின்றன. முதலாவது, இரத்தத்திலுள்ள சர்க்கரை. அது கூடினால் இன்சுலினும் கூடும். இரண்டாவது, நரம்பு. அன்னதானக் கூடத்தில் இலையில் பாயசம் விழுந்ததும் நாவில் நீர் ஊறுகிறதல்லவா? உணவைச் சுவைத்த சில நிமிடங்களில், சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் முன்னரே, மூளை வேகஸ் நரம்பின் வழியாகக் கணையத்துக்கு முன்னறிவிப்பு அனுப்புகிறது. சிறிதளவு இன்சுலின் முன்கூட்டியே சுரக்கிறது. அச்சத்திலும் கடும் உழைப்பிலும் பரிவு நரம்புகள் இதற்கு மாறாகச் சுரப்பைத் தடுக்கின்றன.

இனி, மாற்றுச் சிகிச்சைக்கு வருவோம். இறந்த கொடையாளரின் கணையத்திலிருந்து திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, நோயாளியின் கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையில் செலுத்துகின்றனர். அவை கல்லீரலில் தங்கி இன்சுலின் சுரக்கின்றன. 2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மண்டன் நகரில் ஜேம்ஸ் ஷாப்பிரோ குழுவினர், இம்முறையில் ஏழு நோயாளிகள் ஊசியின்றி வாழ முடிந்ததை அறிவித்தனர்.

பிரித்தெடுக்கும்போதே திட்டுகளின் பழைய நரம்புத் தொடர்பு அறுந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அவை வேலை செய்வதற்குக் காரணம், பீட்டா உயிரணு சர்க்கரையைத் தானே உணரக்கூடியது என்பதாகும். ஆனால் முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. காலப்போக்கில், திட்டுகள் தங்கிய உறுப்பிலிருந்து புதிய நரம்பிழைகள் அவற்றுள் வளர்வதையும் விலங்குகளில் கண்டுள்ளனர்.

அந்தப் புதிய நரம்புகளால் பயனுண்டா? 2012இல் மியாமி ஆய்வாளர்கள் வியப்பான சோதனை ஒன்றை வெளியிட்டனர். எலிகளின் கண்ணின் முன்னறையில் திட்டுகளைப் பதித்தனர். கருவிழித்திரையின் நரம்புகள் அவற்றுள் அடர்த்தியாக வளர்ந்தன. வெளிச்சத்தைக் கூட்டினால் கண்பாவையைச் சுருக்கும் நரம்பு தூண்டப்படும். அதே நரம்பு திட்டுகளையும் தூண்டியது. எலிகளின் இரத்தச் சர்க்கரை குறைந்தது! அந்நரம்பின் செய்தியைத் தடுக்கும் அட்ரோபின் மருந்தைக் கண்ணில் இட்டதும் அந்தப் பயன் மறைந்தது. நரம்பின் ஆணை திட்டுகளை நேரடியாக ஆள்கிறது என்பது இதனால் தெளிவானது.

எனினும், எலிக்குப் பொருந்துவது அப்படியே மனிதனுக்குப் பொருந்தாது. மனிதத் திட்டுகளில் உயிரணுக்களைத் தொடும் நரம்புகள் எலியைவிடக் குறைவு என்றும், பெரும்பாலானவை இரத்தக் குழாய்களையே சென்றடைகின்றன என்றும் அதே குழுவினர் 2011இல் காட்டியிருந்தனர்.

அன்பர்களின் கேள்விக்கு என் பதில் இதுதான். இச்சிகிச்சை, பீட்டா உயிரணுக்கள் அழிந்துபோன முதல் வகை நீரிழிவுக்காரர்களில், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து அடிக்கடி ஆபத்துக்குள்ளாவோருக்கே உரியது. புதிய திட்டுகளை உடல் நிராகரிக்காமலிருக்க, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உண்ண வேண்டும். எட்மண்டனில் சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் ஊசியின்றி இருந்தவர்கள் சுமார் பத்து விழுக்காட்டினரே. ஆனால் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினரின் திட்டுகள் ஓரளவு இன்சுலின் சுரந்துகொண்டுதான் இருந்தன.

நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. நம் கணையம் இன்னும் மூளையோடு நரம்பால் இணைந்தே இருக்கிறது. எந்த மருத்துவ மேதையும் அந்த இணைப்பை இதுவரை முழுமையாகத் திரும்ப அமைத்துத் தந்ததில்லை. ஆகவே மாற்றுக் கணையத்தை எதிர்பார்த்து மாத்திரையையோ ஊசியையோ நிறுத்திவிடாதீர்கள். உணவில் அளவும், நாள்தோறும் நடையும், தவறாத பரிசோதனையும் கொண்டு, இருக்கும் கணையத்தைப் பேணுவோமாக.