புணர்ச்சி விதியும் கலப்பியக்க அமைப்பும்

பண்ருட்டிக்குத் தெற்கே நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு சுரங்கப்பணி தொடங்கியபொழுது, பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணைப் போன்றே கீழிருந்த நீரும் பெருந்தடையாக நின்றது. அழுத்தத்துடன் அடைபட்டுள்ள அந்நீரை இடையறாது இறைத்தல் வேண்டும். இன்றேல், மேற்சுமை நீங்கிய படுகையைப் பிளந்து அது பீறிட்டெழும்.

நீரழுத்தம் கணந்தோறும் தொடர்ந்து மாறுவது. பம்போ ஓடும், அன்றி நிற்கும். தொடர்மாற்றமும் தாவல்மாற்றமும் ஒருங்கே அமைந்த இத்தகையதனைக் கணிப்பொறி அறிஞர் கலப்பியக்க அமைப்பு என்பர். இதனை ஐயமற வரையறுக்க 1990-களில் கலப்புத் தானியங்கி என்னும் கருவி உருவாயிற்று. பம்பு ஓடும் நிலை, நிற்கும் நிலை என இரண்டு. ஒவ்வொரு நிலையிலும் அழுத்தம் மாறும் விதத்தைக் கூறும் சமன்பாடு. எவ்வளவில் நிலை மாறும் என்னும் நிபந்தனை. (விளக்கத்தின்பொருட்டு எளிமையாக்கிய சான்று இது; சுரங்கத்தில் பம்புகள் பல.)

அழுத்தமானி, கட்டுப்பாட்டுப் பொறி, பம்பு ஆகியன தனித்தனியே ஆக்கப்படும் கூறுகள். ஒவ்வொன்றின் வரையறையும் பிழையற்றதாயின் முழுமையும் பிழையற்றதாகுமோ எனின், ஆகாது. இதனை உணரத் தமிழ் கற்றார்க்குப் புணர்ச்சியே போதும். பொன் என்பதனோடு சிலை சேரின் பொற்சிலை. சிறிது சேரின் பொன் சிறிது. நிலைமொழி ஈறும் ஒன்றே, வருமொழி முதலும் ஒன்றே. ஆயினும் முன்னது வேற்றுமை, பின்னது அல்வழி. எழுத்தை மட்டும் நோக்குவார்க்கு இவ்வேறுபாடு புலனாகாது. ஆதலின் இரு சொல்லின் தொடர்பையும் இலக்கணம் விதியினுள் அடக்கிற்று.

பொறிக்கூறுகட்கும் அஃதே. கட்டளை பெற்ற சில நொடிக்குள் ஓடுவேன் என்பது பம்பின் உறுதி. ஆனால் அழுத்தமானி காலந்தாழ்த்து உரைப்பின் கட்டளையே காலந்தாழ்ந்து பிறக்கும். எக்கூறும் சொல் தவறவில்லை. அழுத்தமோ எல்லை கடந்துவிடும். ஆகவே, தன் உறுதியோடு, பிற கூறுகளிடம் தான் எதிர்பார்ப்பதனையும் ஒவ்வொரு கூறும் வரையறையில் உரைத்தல் வேண்டும். ஒப்புமைக்கும் எல்லை உண்டு: மொழியில் வழக்கு முன்னது, விதி பின்னது, பொறியிலோ வரையறையே முன்னது.

அவ்வாறு எழுதியபின், தீயநிலை ஒருபொழுதும் நேராது என மெய்ப்பிக்க இயலுமா? எல்லாக் கலப்புத் தானியங்கிக்கும் பொருந்தும் பொதுவழி இல்லை என்பதனை ஹென்சிங்கர் முதலியோர் 1995-இல் காட்டினர். பின்னர் மணீந்திர அகர்வாலும் பி. எஸ். தியாகராசனும் வேறொரு வழி கண்டனர். அளவுகோலின் நுட்பம் வரம்புடையது, உணர்தலும் செயற்படுதலும் காலந்தாழ்வன என்னும் உண்மையையே வரையறையினுள் கொணர்ந்து, காலத்தைத் துண்டங்களாகக் கொள்ளும் ஒருவகைத் தானியங்கிக்கு அவ்வினாவிற்கு விடை கணிக்கலாம் என நிறுவினர்.