“பெருசானா சரியாப் போயிரும்”

முல்லைப் பெரியாற்றில் குதித்து ஆடி வளர்ந்த, தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டித் தலைமுறைக்குக் காது ஒழுகும் பிள்ளை புதிதல்ல. காதில் அடைத்த பஞ்சு, அதில் மஞ்சள் கறை, வாடை பொறுக்காமல் தள்ளி உட்காரும் பக்கத்துப் பையன். வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுவார்கள். கைக்குழந்தை என்றால் தாய்ப்பாலைப் பீச்சுவார்கள். “பெருசானா சரியாப் போயிரும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வாத்தியார் கேட்டது காதில் விழாத பிள்ளைக்கு ‘மந்தம்’ என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

அப்போதே இதற்கு வைத்தியம் இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் என்ற இரு காது மருத்துவர்கள், இப்படிச் சீழ் ஒழுகும் காதின் செவிப்பறையில் இருக்கும் ஓட்டையைத் தோலை வைத்து அடைத்துக் காட்டினார்கள். தோல் காதுக்குள் உரிந்து சீழ் பிடித்ததால், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் காதுக்கு மேலேயுள்ள தசையின் மெல்லிய உறை அதன் இடத்துக்கு வந்தது. ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். இன்றும் பெரும்பாலும் அதைத்தான் வைக்கிறார்கள்.

வைத்தியம் இருந்தும் வழி தூரமாக இருந்தது. 1996-ல் தேனி தனி மாவட்டமாகும்வரை மதுரைதான் மாவட்டத் தலைநகர், பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான். ஏறக்குறைய 75 கிலோமீட்டர். சீழை நிறுத்திக் காதைக் காயவைக்க, அறுவைக்கு, கட்டுப் பிரிக்க, கேள்திறன் பார்க்க என்று எத்தனை நடை! கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு நடையிலும் ஒருநாள் சம்பளம் போகும்.

2004-ல் தேனி மாவட்டத்திலேயே, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. காது கேளாமையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2007-ல் தொடங்கியது. 2013 முதல் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் நேரில் வரும் மருத்துவக் குழு, பார்க்க வேண்டிய குறைகளில் காதுச் சீழையும் சேர்த்திருக்கிறது. எண்டோஸ்கோப் இருக்கும் இடங்களில் பல குழந்தைகளுக்குக் காதின் பின்புறம் கீறாமல், காதுத் துவாரம் வழியாகவே சவ்வை ஒட்டிவிடுகிறார்கள்.

மாறாமல் நிற்பது அந்தப் பழைய வாக்கியம்தான். அதில் கொஞ்சம் உண்மையும் இருப்பதால்தான் அது ஏமாற்றுகிறது. புதிதாக விழுந்த சின்ன ஓட்டை பல நேரம் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். மூக்கையும் காதையும் இணைக்கும் குழல் சிறுவயதில் குட்டையாக, படுத்தவாக்கில் இருப்பதால் சளி எளிதில் காதுக்கு ஏறும். அதனால் பிள்ளைக்கு ஏழெட்டு வயதாகட்டும் என்று மருத்துவரே அறுவையைத் தள்ளிவைப்பதுண்டு.

ஆனால் மருத்துவர் பொறுக்கச் சொல்வதும் வீட்டில் விட்டுவிடுவதும் ஒன்றல்ல. அவர் சொல்லும் பொறுமையில் நிறைய வேலை இருக்கிறது. எண்ணெய் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு வேண்டும். கேள்திறனை அவ்வப்போது பார்க்க வேண்டும். வகுப்பில் முன்வரிசையில் இடம் வேண்டும். கவனிக்காமல் விட்ட சீழ் காதின் பின்எலும்புக்கும், சில சமயம் மூளைக்கும்கூடப் பரவும். ஓட்டையை எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம். காது கேளாமல் போன மூன்று வகுப்புப் பாடத்தை யார் திருப்பித் தருவது?