துரை பங்களாத் தரையும் லயத்துத் தரையும்

புது வீட்டுக்கு வருவோர் கூரையை அண்ணாந்து பார்ப்பர்; சுவரைத் தட்டிப் பார்ப்பர். தரையை நோக்குவோர் சிலரே. ஆனால், ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில், புல்லின்மீது உறைபனி வெள்ளையாய்ப் படியும் தை மாத விடியலில், வீட்டின் குணத்தைச் சொல்வது தரைதான்.

வெள்ளைத் துரைமார் இதை நன்கு அறிந்திருந்தனர். அவர்களுடைய பங்களாக்கள் பலவற்றில் பலகைத் தரையும், அதன்மேல் கம்பளமும், அறைக்கோர் கணப்பும் இருந்தன. பலகைக்கும் சிவப்புச் சீமெந்துக்கும் மெழுகு பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தித் தேய்த்து, முகம் தெரியும்படி பளபளப்பாக்குவது வேலைக்காரர் கடமை.

கோப்பிக் காலத்திலிருந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களிலோ மண் தரையே. ஏறக்குறையப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றிலேயே சமையல், சாப்பாடு, உறக்கம் யாவும் நடந்தன. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு பெண்கள் சாணம் கரைத்து அத்தரையை மெழுகினர். அங்கேயும் மெழுகு, இங்கேயும் மெழுகு! தமிழ்மொழி இரண்டு வீட்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வழங்கியிருக்கிறது.

பின்னர் சீமெந்து வந்தது. கழுவலாம், கூட்டலாம், புழுதி எழாது. அந்த நன்மை அற்பமன்று. மெக்சிக்கோ நாட்டுக் கோவாவிலா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் ஏழைகளின் மண் தரைகளுக்கு அரசு சீமெந்து இட்டுக்கொடுத்தது. பின்னர் ஆராய்ந்தபோது, அவ்வீட்டுக் குழந்தைகளிடையே குடற்புழுவும் வயிற்றோட்டமும் இரத்தசோகையும் வெகுவாகக் குறைந்திருக்கக் கண்டனர்.

ஆனால், சீமெந்துக்கு ஒரு குணக்கேடு உண்டு. அது உடற்சூட்டை விரைந்து உறிஞ்சிக்கொள்ளும். பலகையின் வழியே செல்லும் வெப்பம் சீமெந்தின் வழியே செல்வதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான். கம்பளமோ தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதால் அதனினும் மேலான காப்பு. லயத்துப் பாட்டிமார் இந்தப் பௌதிகத்தைப் பள்ளியில் படித்தவர்களல்லர். எனினும், சீமெந்தின்மேல் சாக்கு, சாக்கின்மேல் பாய், பாயின்மேல் பழைய கம்பளி என்று அடுக்கிக் குழந்தையைக் கிடத்தினார்கள்.

கம்பளம் என்றதும் அமெரிக்கா நினைவுக்கு வருகிறது. 1950ஆம் ஆண்டுகளுக்குப் பின் ஜோர்ஜியா மாநிலத்து டால்ற்றன் நகர ஆலைகள் மலிவான கம்பளத்தை மலைமலையாய்த் தயாரித்துக் குவிக்க, அந்நாட்டார் சுவரோடு சுவர் முட்டும்படி அதனை விரித்தனர். அண்மைக் காலத்திலோ, தூசி தங்குகிறதென்று பலர் அதைச் சுருட்டி எறிந்துவிட்டுப் பலகையும் ஓடும் பதிக்கிறார்கள். வீடு முழுவதையும் யந்திரம் சூடாக்கும்போது தரை வெறும் ரசனைக்குரிய விஷயமாகிவிடுகிறது. நம் மலையகத்திலே தரைதான் பலருக்குக் கட்டில்.

இந்திய உதவியால் தோட்டங்களில் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டத்தோடு மேலும் 10,000 வீடுகள் சேர்க்கப்படுமென்று 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது. வீடொன்று 550 சதுர அடி. காணி ஏழு பேர்ச்சஸ். காம்பராவுக்கு இது எவ்வளவோ மேல். இத்தகைய வீடுகளில் முதியோரும் பிள்ளைகளும் படுக்கும் மூலைக்கு மட்டுமாவது பலகை இட்டுக் கொடுக்கலாகாதா? சுற்றியுள்ள மலைகளில் யூக்கலிப்டஸ் மரத்துக்கா பஞ்சம்!